பழைய வர்ணமும் புதிய பாடமும்

மரக்கதவுக்கு வர்ணம் பூசுவது எளிது. பூசிய வர்ணத்தை எடுப்பதுதான் கடினம். வர்ணம் பூசும் தொழிலாளியின் மகனாகிய நான் இதைப் பள்ளி நாட்களிலேயே அறிவேன். ஆனால் அவ்வேலைக்குள் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன். அதனைச் சக மாணவர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற ஆண்டு, ஒரு பழைய வீட்டின் தேக்குக் கதவைச் சுரண்டும் வேலை என் தந்தைக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை நானும் உதவிக்குச் சென்றேன். பச்சை, அதன் கீழ் மஞ்சள், அதன் கீழ் வெள்ளை என வர்ணம் அடுக்கடுக்காக இருந்தது. அப்பா புளோ லேம்பைப் பற்றவைத்துச் சூடு காட்டி, குமிழ்விட்ட வர்ணத்தைப் பட்டி பிளேடால் வழித்தார். மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்தார். புகையும் தூளும் எங்கள் இருவர் மேலும் படிந்தன.

பழைய எண்ணெய் வர்ணங்களில் வெண்மைக்குக் காரீயக் கார்பனேட்டும், மஞ்சளுக்குக் காரீயக் குரோமேட்டும், விரைவில் உலர வேறு காரீயச் சேர்மங்களும் சேர்க்கப்பட்டு வந்தன. வீட்டு வர்ணங்களில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் 2016-இல் விதி வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியவை கதவுகளில் அப்படியே இருக்கின்றன அல்லவா?

உதிர்ந்த செதில்கள் சிலவற்றைப் பொட்டலமாகக் கட்டி எடுத்து வந்தேன். ஆசிரியரின் மேற்பார்வையில், நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கி வடிகட்டி, பொட்டாசியம் அயோடைடு சேர்த்தேன். மஞ்சள் வீழ்படிவு தோன்றியது. கொதிநீரில் கரைந்து, ஆறியதும் பொற்றுகள்களாக மின்னி இறங்கியது. உப்புப் பகுப்பாய்வில் நாம் வியந்து பார்த்த அதே காட்சிதான். ஆனால் அன்று எனக்கு வியப்பு வரவில்லை. அப்பா அதே சட்டையோடு வீடு திரும்பி அக்காவின் குழந்தையைத் தூக்குவாரே என்ற நினைவுதான் வந்தது.

காரீயம் 327 பாகை செல்சியஸில் உருகும். புளோ லேம்பின் சுடரோ 1000 பாகையைத் தாண்டும். அவ்வெப்பத்தில் அது நுண்புகையாகி மூச்சில் கலக்கிறது. உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூளாகக் கையிலும் துணியிலும் ஒட்டுகிறது. உடலில் சேர்ந்த காரீயம் எலும்பில் பல்லாண்டுகள் தங்கும். விழுங்கிய காரீயத்தைக் குழந்தையின் உடல் பெரியவர்களைப் போல் நான்கைந்து மடங்கு உறிஞ்சும். அதன் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும்.

அப்படியானால் வழி என்ன? வர்ணத்திலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து வலைபோல் பின்னிக்கொள்வதையே நாம் உலர்தல் என்கிறோம். தண்ணீர் அதனைக் கரைக்காது. ஆனால் எண்ணெய் ஓர் எஸ்டர். எஸ்டரைக் காஸ்டிக் சோடா பிளக்கும். சோப்பு தயாரிக்கும் வினையும் இதுவே! ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் சோடாவைச் சிறிது சிறிதாக இட வேண்டும். சோடாவின் மேல் நீரை ஊற்றுதல் கூடாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரமும் ஆகாது. ஆறியபின் மைதாக் கஞ்சியில் கலந்து பூசினால், நிற்கும் கதவிலும் வழியாமல் ஒட்டும். வர்ணம் குழைந்ததும் ஈரத்தோடு வழித்தெடுக்கலாம். காரத்தால் தேக்கு கறுக்குமாதலால், நீரால் கழுவி, வினிகர் கலந்த நீரால் துடைத்து, மீண்டும் கழுவ வேண்டும். எஞ்சியதை நனைத்த வாட்டர் பேப்பரால் தேய்க்கலாம். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் தேவை. வழித்த கழிவைச் சாக்கடையில் விடாமல் மூட்டையாகக் கட்டித் தனியே ஒப்படைக்க வேண்டும்.

இதையெல்லாம் சொன்னபோது அப்பா, "முப்பது வருஷமா இப்படித்தானப்பா சுரண்டுறேன்" என்றார். நான் வாதாடவில்லை. சோதனைக் குழாயில் மின்னிய துகள்களைப் பற்றி மட்டும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் கதவின் ஒரு பலகையில் மட்டும் சோடாவைப் பூசிப் பார்த்தார். பச்சை வர்ணம் தோல்போல் உரிந்தது. "நாள் அதிகமாகும், கூலி கட்டாதே" என்றார். ஆயினும் முழுக் கதவையும் அப்படியே முடித்தார்.

இப்போது அவர் வேலையிலிருந்து திரும்பியதும் குழாயடியில் கைகால் கழுவி, சட்டையை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குகிறார். நண்பர்களே! நம்மில் பலருடைய வீடுகளிலும் இத்தகைய தொழில் செய்வோர் உண்டு. ஆய்வகத்தில் கற்பதை நோட்டில் எழுதுவதோடு நில்லாமல் அவர்களிடமும் சொல்வோம்.