8,000-க்கும் மேற்பட்ட ஏறும் பாதைகள்... பாலைவனத்தில் இந்தப் பாறைகளை அடுக்கியது யார்?

யாரோ ஒரு ராட்சதன் உருண்டைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெச்சுட்டுப் போன மாதிரி இருக்கும். அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியாவில் உள்ள ஜோஷ்வா ட்ரீ தேசியப் பூங்காவைத்தான் சொல்றோம். மொஹாவி, கொலராடோ என இரண்டு பாலைவனங்கள் சந்திக்கும் இடம் இது. பரப்பளவு சுமார் 3,200 சதுர கி.மீ. 1994-ல் தேசியப் பூங்கா அந்தஸ்து கிடைத்தது.

பாறைகள் எப்படி உருவாச்சு?

10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, பூமிக்கு அடியில் கொதித்த பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து கிரானைட்டாக இறுகியது. அதில் நெடுக்கும் குறுக்குமாக விரிசல்கள் விழுந்தன. அப்போது இந்தப் பகுதி இவ்வளவு வறண்டு கிடக்கவில்லை. நிலத்தடி நீர் விரிசல்களுக்குள் இறங்கி, பாறையின் கூரான முனைகளை அரித்து உருட்டியது. பிறகு பருவநிலை வறண்டது. திடீர் வெள்ளங்கள் மேல்மண்ணை அடிச்சுட்டுப் போயின. மண்ணுக்குள் இருந்த கற்கள் வெளியே தெரிந்தன. அவ்வளவுதான்!

ஏறுபவர்களுக்கு ஏன் பிடிக்குது?

அதே விரிசல்கள்தான் காரணம். விரிசலுக்குள் கையையும் காலையும் செருகி, உலோகக் கருவிகளைப் பொருத்தி, அதில் கயிறை மாட்டி மேலே போவாங்க. இறங்கும்போது கருவிகளைக் கழற்றிடலாம், பாறையில் துளை விழாது. கல் சொரசொரப்பாக இருப்பதால் ஷூ நல்லா பிடிக்கும். தோலும் நல்லா உரியும்! அதனால்தான் பலர் கைகளில் டேப் சுற்றிக்கொள்கிறார்கள். யோசெமிட்டி பனியில் உறையும் மாதங்களில் ஏறுபவர்கள் இங்கே வந்து பயிற்சி எடுப்பது பல ஆண்டு வழக்கம்.

ஆபத்து எங்கே?

கயிறு இல்லாமல் சும்மா ஏறிப் பார்ப்பவர்களுக்குத்தான் சிக்கல். ஏறும்போது கண்ணுக்கு நேரே தெரியும் பிடிமானம், இறங்கும்போது காலுக்குக் கீழே மறைஞ்சுடும். பாதியில் மாட்டிக்கொண்டு போன் பண்ணலாம்னா, பூங்காவின் பெரும்பகுதியில் சிக்னலே கிடையாது. உள்ளே குடிநீரும் கிடைக்காது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு குறைந்தது 4 லிட்டர் தண்ணீர் கையில் இருக்கணும். கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டுவதால், அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் ஏறுவதற்கு ஏற்ற காலம்.

மரத்தில் கயிறு கட்டலாமா?

கூடாது. பூங்காவுக்குப் பெயர் தந்த ஜோஷ்வா மரம் உண்மையில் யுக்கா வகைத் தாவரம். ஆண்டுக்கு சில சென்டிமீட்டர்தான் வளரும். இதன் பூவில் மகரந்தம் சேர்ப்பது யுக்கா அந்துப்பூச்சி மட்டுமே. அந்தப் பூச்சியின் புழுக்களுக்கு இதன் விதைகள்தான் உணவு. ஒன்று போனால் இன்னொன்றும் இல்லை. வெப்பமும் வறட்சியும் கூடக்கூட இளங்கன்றுகள் பிழைப்பது கடினமாகிறது. பாறையில் விழுந்த கீறலாவது அப்படியே கிடக்கும். முறிந்த மரத்தின் இடத்தில் இன்னொன்று வளர ஒரு மனித ஆயுள் போதாமல் போகலாம்.