பித்தளைத் தகடும் மழைக்கால வெடிப்பும்

நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை ஏறுவோர் தேநீர் பருகும் எவர்சில்வர்க் குவளையிற் பொருத்து எதுவும் காணப்படுவதில்லை. வட்டத் தகட்டை அச்சின் வாயில் வைத்துக் குத்தியால் உள்ளே அழுத்திக் கலமாக்குவர். இதுவே ஆழ இழுத்தல் எனப்படும். தகட்டின் விட்டம் குத்தியின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கை விஞ்சின், கலத்தின் அடி கிழியும். ஆதலின் நெடிய கலங்கள் பல இழுப்புகளாலேயே உருப்பெறுகின்றன.

ஒவ்வோர் இழுப்பிலும் உலோகம் வன்மையுறும். மேலும் நீளும் இயல்பு குன்றும். இடையே காய்ச்சினால் உள்ளே புதிய மணிகள் தோன்றி மென்மை மீளும். அளவு மீறிக் காய்ச்சினாலோ மணிகள் பருத்து, கலத்தின் மேற்பரப்பு தோடம்பழத் தோல்போலச் சொரசொரக்கும்.

செம்பு 70 பங்கும் நாகம் 30 பங்கும் கலந்த பித்தளையாலான தோட்டா உறையும் இவ்வாறே ஆக்கப்படுவது. உறுதி வேண்டி, இறுதி இழுப்பின் வன்மையை அதில் நிலைக்க விட்டனர். அவ்வன்மையோடு உட்தகைப்பும் தங்கிற்று. பிரித்தானியராட்சிக் கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களருகே வைத்த தோட்டாக்களின் உறைகள், சுடாமலே கீறலுற்றன. போர்முனையில் இதனால் நேரக்கூடிய கேட்டைச் சொல்லவேண்டுவதில்லை.

1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்போர் காரணத்தை விளக்கினர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா, ஈரத்தோடு கூடி, தகைப்புற்ற பித்தளையைப் பிளக்கிறது. குதிரையை மட்டும் பழித்தல் முறையன்று. தகைப்பில்லாப் பித்தளை அதே காற்றில் பிளவுறாது நிற்கும். உறையைச் சதமவளவை 250 முதல் 300 பாகைவரை மெல்லச் சூடாக்கின், வன்மை பெரிதும் குன்றாமலே உட்தகைப்பு தளர்ந்துவிடும்.