மிச்சமான ஒரு நட்டு

ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். திரும்ப வாங்கும்போது மெக்கானிக் தம்பி என் உள்ளங்கையில் ஒரு நட்டை வைத்தான்.

"இது எங்கேப்பா இருந்தது?"

"தெரியலண்ணே. மிச்சமாயிடுச்சு. வண்டி சூப்பரா ஓடுது, பயப்படாதீங்க!"

பயப்படாமல் எப்படி இருப்பது? திருநீர்மலையிலிருந்து பல்லாவரம் ஸ்டேஷன் வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். மின்சார ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் யோசனை வந்தது. ஒரு ஸ்கூட்டருக்கே இப்படி என்றால், ஸ்ரீஹரிகோட்டாவில் 44 மீட்டர் உயரத்துக்கு நிற்கிற பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் எத்தனை நட்டு, எத்தனை போல்ட், எத்தனை ஒயர்! அதையெல்லாம் மாட்டுவதும் நம்மைப் போல சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு வருகிற மனுஷன்தானே? அவனுக்குக் கொட்டாவி வராதா?

வரும். அதற்காகவே 'ஹ்யூமன் ஃபாக்டர்ஸ் இன்ஜினீயரிங்' என்று ஒரு தனிப் படிப்பே இருக்கிறது. மனுஷன் தப்பு செய்வான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, தப்புக்கு வழியில்லாதபடி வேலையையும் கருவியையும் அமைக்கிற சாஸ்திரம். பெயர்தான் பெரிசு. உங்கள் செல்போன் சிம் கார்டைப் பாருங்கள், ஒரு மூலை வெட்டியிருக்கும். திருப்பிப் போட்டால் உட்காராது. அவ்வளவுதான் தத்துவம்!

இந்தத் தத்துவம் தோற்றுப்போன கதை ஒன்று. 2013 ஜூலை 2. கஜகஸ்தானின் பைக்கனூரிலிருந்து ரஷ்யாவின் 'புரோட்டான்' ராக்கெட் மூன்று செயற்கைக்கோள்களோடு கிளம்பியது. கிளம்பியதுமே தண்ணி போட்ட ஆசாமி மாதிரி ஆடியது. அப்படியே தலைகுப்புறக் கவிழ்ந்து, அரை நிமிஷத்தில் தரையில் விழுந்து எரிந்தது. துருவிப் பார்த்ததில், ராக்கெட் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லும் சென்சார்களில் மூன்றைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி வேறு போட்டிருந்தது. தலைகீழாகப் பொருந்தக்கூடாது என்றுதான் வடிவமைத்திருந்தார்கள். ஆனாலும் அமுக்கித் திணித்திருக்கிறார் ஒரு புண்ணியவான். நம் ஊரில் மட்டும்தான் 'தட்டினா உள்ள போயிடும் சார்' கேஸ் என்று நினைத்திருந்தேன்!

அமெரிக்காவில் 2003 செப்டம்பரில் நடந்தது இன்னும் தமாஷ். கலிபோர்னியா தொழிற்சாலை ஒன்றில், வானிலை செயற்கைக்கோளை வண்டியில் வைத்துச் சாய்த்தார்கள். தொபுக்கடீர் என்று தரையில் விழுந்தது. அதைத் தாங்கியிருக்க வேண்டிய 24 போல்ட்களை வேறு ஒரு குழு கழற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அடுத்து வந்த குழு வண்டியைக் குனிந்து பார்க்காமல், பழைய காகிதத்தைப் பார்த்தே கையெழுத்துப் போட்டுவிட்டது. ஆபீஸில் ஃபைலைப் படிக்காமல் 'சீன்' என்று போடுகிற நமக்கு இது புரியாதா என்ன? ரிப்பேர் செலவு 13 கோடியே 50 லட்சம் டாலர்! ஒருவழியாகச் சரிசெய்து 2009-ல்தான் அதை விண்ணுக்கு அனுப்பினார்கள்.

ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிற அன்பர்கள் கவனத்துக்கு: 1986 ஜனவரி 6. கென்னடி விண்வெளி மையத்தில் 'கொலம்பியா' விண்கலம் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு தயார். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்குத் தொடர்ந்து மூன்றாவது 12 மணி நேர ராத்திரி ஷிஃப்ட். அன்றைக்கு மட்டும் 11 மணி நேரம் முடிந்திருந்தது. ஒரு வால்வு சரியாக மூடவில்லை. திரை காட்டியதைக் களைத்த கண்கள் தப்பாகப் புரிந்துகொண்டன. சுமார் 8 டன் திரவ ஆக்சிஜன், டாங்கியிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறிவிட்டது! கிளம்ப 31 செகண்ட் இருக்கும்போது, ஆக்சிஜனின் வெப்பநிலை சரியில்லை என்று கவுன்ட் டவுன் நின்றது. ஏழு பேரும் தப்பினார்கள். காரணம் பிறகுதான் தெரிந்தது. அதே மாசம் 28-ம் தேதி 'சாலஞ்சர்' வெடித்தபோது, விசாரணைக் கமிஷன் இந்தத் தூக்கமில்லாத ஷிஃப்ட்டையும் தோண்டி எடுத்து எழுதியது.

நம் கதைக்கு வருவோம். 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. முதல் எஸ்.எல்.வி-3. மிஷன் டைரக்டர் அப்துல் கலாம். கடைசி நிமிஷங்களில் கணிப்பொறி 'நிறுத்து' என்றது. நிபுணர்கள் கூடிப் பேசி, 'பரவாயில்லை, போகலாம்' என்றார்கள். கலாமும் போகச் சொன்னார். இதை அவரே பிற்காலத்தில் மேடை மேடையாக மறைக்காமல் சொன்னார். முதல் கட்டம் ஜோர். இரண்டாவது கட்டத்தில் ராக்கெட் தறிகெட்டுப் போய் வங்காள விரிகுடாவில் விழுந்தது. ஏன்? கிளம்ப 8 நிமிஷம் இருக்கையில் திறந்த ஒரு வால்வு, அழுக்கு சிக்கிக்கொண்டதால் மூடவில்லை. நைட்ரிக் அமிலம் ஒழுகிப் போயிருந்தது.

இந்த இடத்தில் எனக்கு ராக்கெட்டைவிட மனுஷர்கள்தான் பெரிசாகத் தெரிகிறார்கள். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான், கலாமைப் பத்திரிகைக்காரர்களிடம் மாட்டிவிடவில்லை. தானே போய் உட்கார்ந்து பொறுப்பேற்றுக்கொண்டார். அசந்து தூங்கிப்போன கலாமின் பக்கத்தில் டாக்டர் பிரம்ம பிரகாஷ் காத்திருந்து, எழுந்ததும் சாப்பிட அழைத்துப் போனார். 'யார் தப்பு?' என்று தேடி ஆளை வறுத்தெடுத்திருந்தால், அடுத்த முறை எவனாவது 'சார், இங்கே ஒழுகுது' என்று வாயைத் திறப்பானா? 1980 ஜூலை 18-ல் அதே குழு ரோகிணியை சுற்றுப்பாதையில் வைத்தது.

2019 ஜூலை 15, பின்னிரவு. சந்திரயான்-2. நாடே டி.வி. முன்னால். 56 நிமிஷம் 24 செகண்ட் இருக்கும்போது கடிகாரத்தை நிறுத்தினார்கள். சந்தேகம் வந்தால் நிறுத்துவது என்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு வாரம் கழித்து, 22-ம் தேதி ஜம்மென்று கிளம்பியது.

எல்லாக் கணக்கையும் இப்படிப் பணத்திலும் நாளிலும் முடித்துவிட முடியாது. 1981 மார்ச் 19, அதே கொலம்பியாவின் பின்பகுதிக்குள் வேலைக்கு நுழைந்த தொழிலாளிகள் சுருண்டு விழுந்தார்கள். உள்ளே முழுக்க நைட்ரஜன். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. 'உள்ளே போகலாம்' என்ற அனுமதி முன்கூட்டியே கிடைத்துவிட்டது. ஒருவர் அன்றே இறந்தார், இன்னொருவர் இரண்டு வாரத்துக்குள். நம் ஸ்ரீஹரிகோட்டாவிலும் 2004 பிப்ரவரி 23-ல் திட எரிபொருள் தீப்பிடித்து 6 பேர் போனார்கள். ராக்கெட் ஏறிப் போகிறவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். கீழே நின்று ஸ்பானர் பிடிக்கிறவர்களைப் பற்றி நாலு வரி!

ராக்கெட் விடுகிற நாளில், வானம் தெளிவாக இருந்தால், எங்கள் திருநீர்மலை மேலிருந்து வடக்கே பார்ப்பது வழக்கம். மீனம்பாக்கத்து விமானங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். போன தடவை தெரிந்தது. இறங்கும்போது, படியில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் இந்தக் கதையெல்லாம் சொல்லி, பாக்கெட்டிலிருந்த ஸ்கூட்டர் நட்டையும் எடுத்துக் காட்டினேன்.

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதெல்லாம் சரிப்பா. இன்னிக்கு மலைக்கு எதுல வந்தே?"

"ஸ்கூட்டர்லதான்."

"நடந்தே போயிடு" என்றார்.