காற்றுக்காகக் காத்திருந்த துறைகள்

அக்குறணையில் பிறந்த பிள்ளையிடம் கடலைப் பற்றிக் கேளுங்கள். பாடசாலைச் சுற்றுலாவில் கால் நனைத்த கதையைத்தான் சொல்லும். கண்டியிலிருந்து மாத்தளை வீதியில், மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊருக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று பெரியவர்களும் நினைத்துவிடுகிறோம். ஆனால், இரண்டாம் இராஜசிங்க மன்னன் ஆண்ட 17ஆம் நூற்றாண்டில் அரபிகள் மூவர் கண்டிக்கு வந்து, இப்பகுதியில் மணமுடித்துக் குடியமர்ந்தார்கள் என்பது நம் ஊரில் வழிவழியாக வரும் மரபுக் கதை. அந்தக் கதையின் முதல் அத்தியாயம் மலையில் இல்லை; பாய்க்கப்பலில் இருக்கிறது.

பாய்க்கப்பலுக்கு எசமான் காற்றுதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. ‘மொன்சூன்’ என்ற சொல்லே பருவகாலத்தைக் குறிக்கும் ‘மவ்ஸிம்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. தென்மேற்குக் காற்றைப் பிடித்துக் கிழக்கே வந்த அரபு மாலுமிகள், ஊர் திரும்ப வடகீழ்க் காற்று வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்த இடங்களில் கடை போட்டார்கள், பள்ளி கட்டினார்கள், சம்பந்தம் செய்தார்கள். பேருவளை என்ற பெயருக்கே சிங்களத்தில் ‘பாயை இறக்கிய இடம்’ என்று பொருள் சொல்வார்கள். அங்கே கடலுக்குள் நீண்டு நிற்கும் முனையில் கெச்சிமலைப் பள்ளிவாசல் இன்றும் வெண்மையாகத் தெரிகிறது.

காற்றை அறியாதவன் கதி என்ன? 1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து தென்னிந்தியாவின் மஃபர் கரைக்குப் புறப்பட்டார். மூன்று நாள் பயணம். கப்பலில் வழி தெரிந்த மாலுமி இல்லாததால், ஒன்பதாவது நாளில் இலங்கைக் கரையில் ஒதுங்கினார்கள். புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்று, பாவா ஆதம் மலைக்குப் போகப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்தார். மலையிலிருந்து இறங்கியவர் தெவிநுவர, காலி, கொழும்பு என்று கரையோரமாகவே புத்தளம் திரும்பினார். காலியில் அவருக்கு விருந்து வைத்தவர் இப்றாஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர். வழி தவறியதால் கிடைத்த பயணம் அது!

இந்தத் துறைகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. காலித் துறை தெற்கே திறந்து கிடப்பதால் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலை உள்ளே புகும், பாறைகளும் உண்டு. திருகோணமலையோ நிலத்தால் சூழப்பட்ட ஆழமான துறை. எந்தக் காற்றுக்கும் அடைக்கலம் தரும். அதன் தெற்கே உள்ள கொட்டியாரக் குடாவுக்குப் புயலில் சேதமான பாய்மரத்தைச் சரிசெய்ய வந்தது ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல். 1660இல் அதன் தலைவரையும் மகன் றொபேட் நொக்ஸையும் சிறைப்பிடித்தவர்கள் அதே இராஜசிங்க மன்னனின் ஆட்கள்தாம். கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்த நொக்ஸ், 1679இல் தப்பி, 1681இல் எழுதி வெளியிட்ட நூல் அக்கால மலைநாட்டின் அரிய சாட்சியாக இருக்கிறது.

பழைய கப்பற்கலை பொய்யல்ல என்று நிரூபித்தவர்களும் உண்டு. ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த ‘ஸோஹார்’ என்ற கப்பல் 1980 நவம்பரில் ஓமானிலிருந்து புறப்பட்டு, இலங்கையில் ஒதுங்கி, பின்னர் நடுக்கடலில் காற்றின்றி வாரக்கணக்கில் கிடந்து, 1981 ஜூலையில் சீனாவை அடைந்தது. 2010இல் ‘ஜுவல் ஒஃப் மஸ்கட்’ என்ற மற்றொரு தையல் கப்பல் சிங்கப்பூர் போகும் வழியில் காலியில் தங்கிப் பாய்மரங்களை மாற்றிக்கொண்டது. ஆயிரம் வருடத்துக்கு முன் நடந்ததைப் போலவே!

வாசகர்களே, யுத்தம் நடந்த காலத்தில் கிழக்குக் கடலைப் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியோ காலியையும் மூதூரையும் ஒருசேரச் சிதைத்தது. இன்று பாதை திறந்திருக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஜனவரி, பெப்ரவரியில் பேருவளை, வெலிகம, காலி; ஜூலை, ஆகஸ்ட்டில் திருகோணமலை, மூதூர். காற்றறிந்து போனால் கடல் அமைதியாக இருக்கும். படகில் ஏறினால் உயிர்காப்பு அங்கி கட்டாயம். மீனவர் “இன்றைக்கு வேண்டாம்” என்றால் திரும்பிவிடுங்கள். அவர் பேச்சில் பல நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நம் ஊர் நடுவே ஓடும் பிங்கா ஓயா மகாவலியில் கலக்கிறது. மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. ஓடைக்குள் குப்பையை எறியும் கை ஒரு கணம் இதை நினைக்கட்டும். அடுத்த முறை பாலத்தைக் கடக்கும்போது “வாப்பா, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?” என்று பிள்ளை கேட்டால், நம் முன்னோரின் கப்பல்கள் பாய் இறக்கிய கடலுக்கு என்று சொல்லுங்கள்.