மணிச்சத்தும் ‘பாஸ்பரஸ் பெண்டாக்ஸைடு’ என்னும் சொல்லும்

ரசாயன உரம் வாங்கும் குடியானவர், மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களை நம்பியே பணம் கொடுக்கின்றார். ஸூபர் பாஸ்பேட்டில் 16 என்றும், டி.ஏ.பி.யில் 18-46 என்றும் அவை காணப்படும். இவற்றுள் மணிச்சத்தைக் குறிக்கும் எண் ‘பி2ஓ5’ என்னும் குறியைச் சார்ந்தது. பாஸ்பரஸ் பெண்டாக்ஸைடு என்னும் ரசாயனச் சொல்லின் சுருக்கமே இக்குறி. இதன் பொருளை அறியாவிடில், இடவேண்டிய உரத்தின் அளவு இரண்டு மடங்குக்கு மேலும் தவறிவிடக்கூடும்.

பாஸ்பரஸ் அணுக்கள் இரண்டும் பிராணவாயு அணுக்கள் ஐந்தும் கூடிய பொருளே பாஸ்பரஸ் பெண்டாக்ஸைடு. இதன் எடையில் 100க்கு சுமார் 44 பங்கே பாஸ்பரஸ், எஞ்சியது பிராணவாயு. தனித்த நிலையில் இது வெண்மையான தூள்; தண்ணீர் பட்டவுடன் மிகுந்த உஷ்ணத்தை உண்டாக்கிப் பாஸ்பாரிக் அமிலமாக மாறிவிடும். உண்மையில் எந்த உர மூட்டையிலும் இத்தூள் கிடையாது. ஸூபர் பாஸ்பேட்டில் இருப்பன கால்சியம் பாஸ்பேட்டும் ஜிப்சமுமாம், டி.ஏ.பி.யில் இருப்பது அம்மோனியம் பாஸ்பேட்.

மூட்டையில் இல்லாத பொருளின் பெயர் அதன்மேல் வந்த காரணம் யாதெனில், 19-ஆம் நூற்றாண்டின் ரசாயன சாஸ்திரிகள் தாதுப்பொருள்களைப் பகுத்து, அவற்றின் கூறுகளைப் பிராணவாயுவுடன் கூடிய நிலையில் கணக்கிட்டு எழுதும் வழக்கமுடையவராயிருந்தனர். ஸூபர் பாஸ்பேட் செய்யும் முறைக்கு இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ் என்பவர் 1842ல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் 1906ல் இராணிப்பேட்டையில் அதன் உற்பத்தி தொடங்கிற்று. வியாபாரம் வளர்ந்தபோது பழைய கணக்கு முறையும் உடன் வளர்ந்தது; 1985ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணையும் அம்முறையையே கைக்கொண்டுள்ளது.

அரிசியைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடான நெல்லளவைக் கணக்கில் எழுதுவதை இதற்கு ஒப்பிடலாம். எண் பெரிதாகுமேயன்றி அரிசி கூடுவதில்லை. ஸூபர் பாஸ்பேட்டின் 16 சதவிகிதம் என்பது பாஸ்பரஸாகப் பார்த்தால் சுமார் 7 சதவிகிதமே; டி.ஏ.பி.யின் 46 என்பது சுமார் 20. சாம்பல் சத்தும் இவ்வாறே பொட்டாஷியம் ஆக்ஸைடாகக் கணக்கிடப்படுகின்றது. பொட்டாஷ் உரத்தின் 60 என்பது பொட்டாஷியமாக சுமார் 50. தழைச்சத்து மாத்திரம் நைட்ரஜனாகவே எழுதப்படும். ஆகவே யூரியாவின் 46ம் டி.ஏ.பி.யின் 46ம் பார்வைக்கு ஒன்றாயினும் பொருளில் வேறானவை.

பயிர்களுக்குச் சிபாரிசு செய்யப்படும் மணிச்சத்தும் இதே பெண்டாக்ஸைடு கணக்கில்தான் உள்ளது. ஆகையால் மூட்டையின் எண்ணை மாற்றாமல் அப்படியே கொள்ளுதல் வேண்டும். ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்து இடவேண்டுமாயின், 16 சதவிகித ஸூபர் பாஸ்பேட் 125 கிலோ போதும். அந்த 20 கிலோவைத் தனிப் பாஸ்பரஸ் என்று தவறாகக் கொண்டால் 286 கிலோ தேவை என்று கணக்கு வரும். அதிகப்படியான பணம் வீணாவதுடன், மணிச்சத்து மிகுந்த நிலத்தில் பயிருக்குத் துத்தநாகக் குறைவும் நேரக்கூடும்.

மண் பரிசோதனை அறிக்கையில் இதனினும் அதிக எச்சரிக்கை வேண்டும். தமிழ்நாட்டில் வழங்கும் அளவின்படி, ஓல்ஸன் முறையில் கண்ட பாஸ்பரஸ் ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழாயின் குறைவு; 11 முதல் 22 வரை நடுத்தரம்; அதற்கு மேல் அதிகம். இதையே பெண்டாக்ஸைடாகச் சொன்னால் எல்லைகள் சுமார் 25ம் 50ம் ஆகும். எனவே 20 என்று மட்டும் எழுதியிருந்தால், அது பாஸ்பரஸாயின் நடுத்தரமான நிலம். பெண்டாக்ஸைடாயின் சத்துக் குறைந்த நிலம். ஒரே எண் இரு வேறு முடிவுகளுக்கு இடந்தருவதால், எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்பதைப் பரிசோதனைச் சாலையாரிடம் கேட்டறிந்த பின்னரே உரமிடுதல் நலம்.

கவனிக்கற்பாலது இன்னொன்றும் உண்டு. எண்ணுடன் ‘மொத்தம்’ என்றிருக்கிறதா, ‘நீரில் கரைவது’ என்றிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பாறை பாஸ்பேட்டில் மொத்த அளவு மிகுதியாயிருப்பினும், நீரில் அது பெரும்பாலும் கரைவதில்லை. புளிப்பு நிலங்களில் அது மெல்லக் கரைந்து உதவும். சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் பயிருக்கு எட்டுவது சொற்பமே.

பாஸ்பரஸைப் பெண்டாக்ஸைடாக மாற்ற 2.29 ஆல் பெருக்குக. பெண்டாக்ஸைடைப் பாஸ்பரஸாக மாற்ற 0.44 ஆல் பெருக்குக. இவ்விரண்டு எண்களையும் குடியானவர்கள் குறித்து வைத்துக்கொள்வாராயின், மூட்டையையும் அறிக்கையையும் ஒரே அளவில் வைத்துப் பார்ப்பது எளிதாகும்.