கலைத் திருவிழா மேடை ரெடி... வாசிக்கச் சொல்லித்தர யார் இருக்காங்க?

செஞ்சி பக்கம் மேல்சித்தாமூரில் ஓர் அரசுப் பள்ளி மாணவி அருமையாகப் பறை வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மேடை எங்கே?

2022-23 கல்வியாண்டில் தமிழக அரசு தொடங்கிய ‘கலைத் திருவிழா’ இருக்கு. முதலில் பள்ளி அளவில் போட்டி. அடுத்து வட்டாரம், மாவட்டம், கடைசியில் மாநிலம். அங்கே அசத்துபவர்களுக்கு ‘கலையரசன்’, ‘கலையரசி’ பட்டம்.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி ஜாஸ் குழுக்களுக்கு ‘எசென்ஷியலி எலிங்டன்’ போட்டி நடக்கிறது. வாசித்துப் பதிவு செய்து அனுப்பணும். தேர்வாகும் குழுக்களுக்கு நியூயார்க் மேடை. ஆனா, அங்கே பல பள்ளிகளில் பேண்டுக்கு தனிப் பாடவேளையே உண்டு. வருஷம் முழுக்க ஒத்திகை நடக்கும்.

இங்கே என்ன சிக்கல்?

2012-இல் இசை, ஓவியம், தையல், உடற்கல்வி போன்றவற்றுக்காக 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். இசை ஆசிரியரே இல்லாத பள்ளி என்றால், ஊர்க் கலைஞரோ யூடியூப்போதான் குரு.

மேடை வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும். வாத்தியார் வாரா வாரம் வரணும்.