பனிமேல் எழும் கொடி

உறைந்து வெளிறிக் கிடக்கும் ஏரி ஒன்றின் நடுவே, அந்தி மங்கும் வேளையில், செந்நிறத் துணித்துண்டு ஒன்று சட்டென நிமிர்ந்து நிற்கின்றது. ஒலியில்லை, அலையில்லை. சற்றுத் தொலைவிற் காத்திருந்தவன் எழுகின்றான். பனிக்கட்டியின் கீழே ஏதோ ஒரு மீன் இரையைக் கவ்வியது என்பதற்கு அக்கொடி ஒன்றே சாட்சி.

அமெரிக்காவின் வடபாகத்து மினசோட்டா மாநிலத்தில் மில் லக்ஸ் என்றோர் ஏரியுண்டு. பரப்பு ஏறக்குறைய 200 சதுர மைல். ஆழமோ எங்கும் 45 அடியைத் தாண்டாது. மாரியில் அதன் மேற்பரப்பு உறையும்; அடிநீர் உறையாது. 4 பாகை செல்சியசில் நீரின் அடர்த்தி மிகுதியாகையால், அவ்வெப்பநிலையை அண்மித்த நீர் அடியிலே தங்க, அதனினும் குளிர்ந்தது மேலே நின்று உறைகின்றது. வகுப்பறையில் ஒரு வாக்கியமாகச் சொல்லிக் கடந்துபோகும் இவ்வுண்மை, அங்கே மீனுக்கு உயிரும் மீன்பிடிப்போனுக்குக் கால் வைக்க நிலமும் தருகின்றது.

அவன் நாடிச் செல்வது ‘வோல்ஐ’ என்னும் மீனை. 1965ஆம் ஆண்டிலிருந்து அது மினசோட்டாவின் மாநில மீன். அதன் விஞ்ஞானப் பெயரிலுள்ள ‘விட்ரியஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்குக் கண்ணாடி போன்றது என்பது பொருள். ஆகவே பளிங்குக்கண்ணி என்று நாம் அழைத்தாற் பிழையில்லை. அக்கண்ணின் உட்புறத்தே ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்றுண்டு. மங்கிய ஒளியிலும் இரையைக் காணவல்லதாதலின், அந்தியும் வைகறையுமே அதன் வேட்டைப் பொழுதுகள். அதற்கு இன்னுமோர் இயல்புண்டு, அதுதான் ஐயம். கவ்விய இரையில் இழுப்பை உணர்ந்தால் உமிழ்ந்துவிட்டு அகன்றுவிடும். ‘பைக்’ என்னும் முரட்டு மீனுக்கு இந்த நிதானம் இல்லை. தூண்டிலைத் தெரிவதும் அமைப்பதும் இந்த ஐயத்தை வெல்லும் முயற்சியே.

‘டிப்-அப்’ என அங்குள்ளோர் வழங்கும் கருவியைக் கொடித்தூண்டில் எனலாம். பனியிற் குடைந்த துளையின் குறுக்கே ஒரு சட்டம். சட்டத்தின் கீழே, நீருக்குள் அமிழ்ந்தபடி, நூலுருளை. உருளையோடு இணைந்த மெல்லிய தண்டு ஒரு குழாயினூடாக மேலெழும். அதன் தலையிலே சிறு குறுக்குக் கம்பி. கொடியைத் தாங்கும் உருக்குத் தகட்டை வளைத்து அக்கம்பியின் கீழ் மாட்டிவிடுவர். மீன் நூலை இழுக்க உருளை சுழலும், தண்டும் சுழலும், கம்பி விலகக் கொடி நிமிரும். உருளையை நீருக்குள் வைப்பதன் காரணம் எளிது. வெளிக்காற்றில் இருந்தால் ஈரநூல் உறைந்து இறுகிவிடும்.

மரச்சட்டங்களும் உண்டு, துளையையே மூடும் வட்டத்தட்டுகளும் உண்டு. தட்டுகள் துளை விரைவில் உறையாது காக்கும். ஆழங்குறைந்த இடத்தில் ஒளி உள்ளே புகாமலும் மறைக்கும். பளிங்குக்கண்ணிக்கு நான் தட்டையே தெரிவேன். எனினும் வடிவத்திலும் முக்கியமானது சுழற்சி. வாங்குமுன் உருளையை விரலாற் சுழற்றிப் பார்க்கவேண்டும். தயங்கினால் அது வேண்டாம். தண்டிலிட்ட கொழுப்பு கடுங்குளிரிலும் இறுகாததாயிருத்தல் வேண்டும். பல கருவிகளிற் குறுக்குக் கம்பியின் ஒருபுறம் வழவழப்பாகவும் மறுபுறம் பள்ளமிட்டும் இருக்கும். பள்ளம் பெரிய இரைக்கும் பைக்குக்கும் உரியது. ஐயமுள்ள மீனுக்கு வழவழப்பான புறமே தகும்.

பின்னல் நூலின் முனையில் மூன்று நான்கு அடி மெல்லிய தங்கூசி. அதன் நுனியிற் சிறு முள். முள்ளுக்கு ஓரடி மேலே சிறு ஈயக்குண்டு. கனமான ஈயத்தை முதலில் இறக்கி ஆழம் அறிந்துகொண்டு, இரை அடித்தரைக்கு ஓரடி மேலே நிற்குமாறு நூலை அளவிடுவர். இரை உயிருள்ள சிறு மீன். முதுகுத்துடுப்பின் அருகே தோலோடு மட்டும் முள்ளைக் குத்தினால் அது நெடுநேரம் நீந்தும். மேடு சரிந்து ஆழமாகும் விளிம்புகளே நல்ல இடங்கள்.

பனியின் தடிப்பை அளக்காமல் இவையெல்லாம் வீண். நடந்து செல்வதற்குத் தெளிந்த புதுப்பனி நான்கங்குலமாவது வேண்டும். வெண்பனியாயின் அதன் இருமடங்கு. 2023 டிசம்பர் இறுதியில், அதே மாநிலத்தின் அப்பர் றெட் ஏரியிற் பனிப்பாளம் ஒன்று கரையைப் பிரிந்து மிதக்க, அதன்மேல் அகப்பட்ட நூற்றுக்கு மேற்பட்டோரை மீட்க நேர்ந்தது.

கொடி எழுந்ததும் ஓடலாகாது. காலடியின் அதிர்வு ஆழங்குறைந்த நீரில் மீனுக்கு எட்டும். குனிந்து, உருளை சுழல்கின்றதா என நோக்கி, தளர்ந்த நூலை மெல்லச் சேர்த்து, மறுமுனையில் உயிரின் கனம் தெரிந்தபின் சுண்டி, கைமாறிக் கைமாறி இழுக்கவேண்டும். கோல் இல்லை; கையே கோல்.

இதனைச் சோம்பேறியின் தூண்டில் என்பாரும் உளர். சூடேற்றிய கொட்டிலுள் அமர்ந்து உரையாடி, கொடி எழுந்து நெடுநேரமான பின்னர் வருவோரால் வந்த பெயர் அது. அதற்குள் மீன் முள்ளை வயிறுவரை விழுங்கிவிடும். குறித்த நீளத்து மீன்களை மீண்டும் நீரில் விடவேண்டுமென்ற விதி மில் லக்ஸில் பல ஆண்டுகள் இருந்துள்ளது. குடலிற் குத்திய மீனை விட்டாலும் அது பிழைப்பது அரிது. தூண்டிலுக்கு 200 அடிக்குள் ஆள் இருக்கவேண்டும் என்கிறது அம்மாநிலச் சட்டம். ஆள் இருந்தாற் போதாது. கண்ணும் அங்கே இருக்கவேண்டும். அவ்வாறிருந்தும் மீன் ஆழ விழுங்கிவிட்டால், முள்ளைப் பிடுங்க முயலாது வாயருகே தங்கூசியை அறுத்து, கடுங்காற்றிற் செவுள் உறையுமுன் அதே துளையினூடே அதனை இறக்கிவிடுவர்.